கூடத்துக்கு எந்தக் குரோஷே, வீட்டு மேசைக்கு எது?

குரோஷேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், புது உத்தியைக் கற்றுக்கொள்வது ஒரு வேலை, அதைப் பத்துப் பேருக்குச் சொல்லித் தருவது வேறு வேலை. வீட்டு மேசையில் நாலு தடவை பிரித்துப் போட்டால் கேட்பாரில்லை. கோயில் கூடத்தில் பத்துப் பேரும் ஆளுக்கொரு தப்போடு ஒரே நேரத்தில் கையைத் தூக்கும்போதுதான், எந்த உத்தி வகுப்புக்கு ஏற்றது, எது இன்னும் சோதனையிலேயே இருக்க வேண்டும் என்பது தெரியும். அதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள இந்த ஒப்பீடு.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், சற்று வடக்கே வெருலம், டோங்காட் என்று நம்மவர்கள் நிறைந்த இடங்களில் குளிர்காலத்துக்கு முன் குரோஷே வகுப்புத் தொடர் நடத்த நினைக்கும் பெண்கள் குழுக்களை மனத்தில் வைத்து எழுதுகிறோம். எடுத்துக்கொண்டவை மூன்று: மூலைக்கு மூலை, துனிசியன், மொசைக். சங்கிலியும் அடிப்படை ஸ்டிட்சும் தெரிந்தவர்களுக்கு மூன்றுமே புதிதாக இருக்கும், மூன்றுக்கும் டிகே எனப்படும் சாதாரண நடுத்தரத் தடிமன் நூல் போதும். இரண்டு நிற நூலை உள்ளே மறைத்துக்கொண்டே போகும் டேபஸ்ட்ரி வகையைச் சேர்க்கவில்லை. மறைத்த நிறம் வெளியே எட்டிப்பார்க்காமல் இருக்க எல்லோர் கையும் ஒரே இறுக்கத்துக்கு வர வேண்டும், அது வகுப்பில் நடக்காது.

தேர்வு செய்யும்போது பெரும்பாலும் முடிந்த பொருளின் அழகைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் அளவுகோல் வேறு. தப்பு நடந்த வரிசையிலேயே கண்ணில் படுகிறதா? பட்ட பிறகு பிரித்தால் நூல் உருப்படியாகத் திரும்பி வருகிறதா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இல்லாத உத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடத்துக்கு வரக்கூடாது.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். இங்கே மூத்த பெண்கள் பலர் பிரிட்டிஷ் முறை பெயர்களில் பழகியவர்கள். இளையவர்கள் கைப்பேசிக் காணொளியில் அமெரிக்கப் பெயர்களில் கற்றவர்கள். பிரிட்டிஷ் டபுள் குரோஷேதான் அமெரிக்க சிங்கிள். பிரிட்டிஷ் ட்ரெபிள்தான் அமெரிக்க டபுள். 'டபுள் போடுங்கள்' என்று சொன்னால் பாதிப் பேர் குட்டையாகவும் பாதிப் பேர் உயரமாகவும் போடுவார்கள், இருவரும் சொன்னதைத்தான் செய்திருப்பார்கள். ஒரே பெயர்முறையை முடிவு செய்து பலகையில் எழுதி, பக்கத்தில் நிஜ நூலில் போட்ட இரண்டு ஸ்டிட்சையும் ஒட்டி வையுங்கள். இந்தக் கட்டுரை முழுக்கப் பிரிட்டிஷ் பெயர்களே.

மூலைக்கு மூலை

ஒரு மூலையில் தொடங்கிச் சாய்வாக வளர்ந்து எதிர் மூலையில் முடியும் பின்னல் இது. 6 செயின் (சங்கிலிக் கண்ணி), ஊசியிலிருந்து 4ஆவது செயினில் ஒரு ட்ரெபிள், அடுத்த இரண்டிலும் ஒவ்வொன்று: முதல் கட்டம் முடிந்தது. இரண்டாம் வரிசைக்கு மறுபடி 6 செயின் போட்டு அதே போல் ஒரு கட்டம். பிறகு துண்டைத் திருப்பி முதல் கட்டத்தின் 3 செயின் இடைவெளியில் ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமில்லாத இணைப்பு ஸ்டிட்ச்) போட்டு இணைத்து, அதே இடைவெளியில் 3 செயின், 3 ட்ரெபிள். இப்போது இரண்டு கட்டம்.

இதன் பெரிய பலம் எண்ணிக்கை. விரியும் வரைக்கும் வரிசை எண்ணும் கட்டங்களின் எண்ணும் ஒன்றே. ஏழாவது வரிசையில் ஏழு கட்டம் இருக்க வேண்டும், ஆறு இருந்தால் கடைசிக் கட்டத்தைப் போடாமல் திரும்பிவிட்டார்கள். ஓரத்தில் பல் விழுந்த மாதிரி ஒரு பள்ளம் தெரியும், ஆசிரியர் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவரே காட்டிக் கொடுத்துவிடுவார். நூலை வெட்டாததால் பிரிப்பதும் எளிது.

சிக்கல் ஓர் இடத்தில்தான்: விரிந்தது போதும், இனி குறைக்க வேண்டும் என்கிற திருப்பம். அங்கே 6 செயின் போடக்கூடாது. முந்தைய கட்டத்தின் மூன்று ட்ரெபிள் மேலேயும் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு நடந்து, 3 செயின் இடைவெளியில் சேர்ந்து, அங்கிருந்து 3 செயின் எழுப்ப வேண்டும். பழக்கத்தில் 6 செயின் போட்டுவிடுவதுதான் வகுப்பில் அதிகம் நடக்கும் தப்பு. அந்த நேரத்தில் எல்லோரையும் நிறுத்தி ஒன்றாகத் திருப்பச் செய்தால் போதும்.

கூட்டுப் போர்வைக்கு இதைவிட வசதியான உத்தி இல்லை. காரணம் இதுதான். சதுரத் துண்டுகளைப் பல கைகள் பின்னும்போது ஒருவருடையது 18 செ.மீ., இன்னொருவருடையது 22 செ.மீ. என்று வந்து நிற்கும், இணைக்கும்போது சுருங்கும், புடைக்கும். மூலைக்கு மூலையில் கட்ட எண்ணிக்கையைக் கொடுக்காமல் அளவைக் கொடுக்கலாம்: 'பக்கம் 20 செ.மீ. வரும்வரை விரியுங்கள், பிறகு குறையுங்கள்.' இறுக்கமான கைக்குப் பதினோரு கட்டம் ஆகலாம், தளர்வான கைக்கு ஒன்பது. சதுரம் ஒரே அளவு. 20 செ.மீ. அட்டை ஒன்றை ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்துவிட்டால் அளவுநாடாவும் வேண்டாம். 16 துண்டு சேர்ந்தால் 80 செ.மீ. குழந்தைப் போர்வை.

துனிசியன்

நீளமான ஊசி, ஒரு வரிசைக்கு இரண்டு நடை. போகும் நடையில் கண்ணிகளை ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு போக வேண்டும், திரும்பும் நடையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். துண்டைத் திருப்புவதே இல்லை. நெய்த துணி போன்ற முகம் கிடைக்கும், பார்ப்பவர் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார்கள். அதனால்தான் பலரும் இதையே முதல் வகுப்பாக அறிவித்துவிடுகிறார்கள்.

தப்பு கண்டுபிடிப்பதில் இதற்கும் நல்ல மதிப்பெண்தான். போகும் நடை முடிந்ததும் ஊசியில் உள்ள கண்ணிகளை எண்ணினால் தொடக்க எண் வர வேண்டும். 20இல் தொடங்கி 19 வந்தால் இடது ஓரத்துக் கடைசி ஸ்டிட்சை விட்டிருக்கிறார்கள். 21 வந்தால் வலது ஓரத்தில், ஊசியில் ஏற்கெனவே கண்ணி நிற்கும் முதல் செங்குத்துக் கம்பியிலும் ஊசியைக் கொடுத்திருக்கிறார்கள். எண் சரியாக இருந்தும் இடது ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டு உள்ளே வளைந்தால், திரும்பும் நடையின் தொடக்கத்தில் ஒரு கண்ணி வழியாக மட்டும் இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணி வழியாக இழுத்துவிட்டார்கள். எண்ணிக்கை இந்தத் தப்பைக் காட்டாது, ஓரத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் துணி சுருளும். நூலின் பெரும்பகுதி பின்பக்கம் போய்ச் சேர்வதால் பின்பக்கம் கனத்து முன்பக்கம் உருள்கிறது. இது தப்பு அல்ல, பின்னலின் இயல்பு. ஆயினும் முதல் நாள் மாணவி அதைத் தன் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார், மனம் விட்டுப்போகும். டிகே நூலுக்குச் சாதாரணமாக 4 மி.மீ. எடுப்போம் என்றால் இதற்கு 5.5 அல்லது 6 மி.மீ. எடுக்க வேண்டும். தொடக்கச் சங்கிலியின் பின்புறப் புடைப்பில் கண்ணி எடுத்தால் அடி ஓரம் கொஞ்சம் அடங்கும். சுற்றிலும் டபுள் குரோஷே கரை போட்டால் இன்னும் அடங்கும். முழுக்கச் சமமாக்க நீராவி வேண்டும். அக்ரிலிக் நூலில் இஸ்திரிப்பெட்டி பட்டாலே போயிற்று: தொளதொளத்துப் பளபளக்கும், பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. இரண்டு மூன்று செ.மீ. மேலே பிடித்து நீராவியை மட்டும் விட வேண்டும். பத்துப் பேர் உள்ள கூடத்தில் அந்த வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஊசிச் செலவு இன்னொன்று. பத்துப் பேருக்கு 30 செ.மீ. ஊசி வாங்கி, அதில் நாலு பேர் மறுபடி தொடவே இல்லை என்றால் அந்தப் பணம் வீண். மாதிரிக்கு மட்டும் ஒரு வழி உண்டு: கட்டைவிரல் பள்ளமும் ரப்பர்ப் பிடியும் இல்லாத, முழு நீளமும் ஒரே தடிமனான சாதாரண அலுமினிய ஊசியின் வாலில் ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் 15 ஸ்டிட்ச் தாங்கும். கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறு விரிப்பு ஒன்று போட அது போதும். அதன் பிறகும் ஆசை இருப்பவர் நீள ஊசி வாங்கட்டும். மணிக்கட்டு வலி உள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது, துணியின் முழுப் பாரமும் ஊசியில்தான் தொங்கும்.

மொசைக்

மூன்றில் பார்க்க மிகவும் அழகானது இதுதான். கட்டம் போட்ட தாளில் படம், ஒரு நேரத்தில் ஒரே நிறம், முடிவில் இரண்டு நிறக் கோலம். நேர்க்கோட்டுப் புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படத்தாள் பாதி தெரிந்த மொழி. சிக்குக் கோலம் மட்டும் வராது, வளைவைக் கட்டத்தில் அடைக்க முடியாது. படிக்கட்டு, தாழம்பூ ரேகை, கோபுரக் கரை போன்றவை கச்சிதமாக வரும். புடவைக் கரை ஒன்றைக் கட்டத் தாளில் பிரதி எடுக்கச் சொன்னாலே ஒரு மணி நேரம் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

மொசைக் என்று இரண்டு வேறு உத்திகளைச் சொல்கிறார்கள். நம் முடிவு இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஓவர்லே முறையில் எல்லா வரிசையும் முன்பக்கத்திலிருந்தே, ஒரே திசையில். ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலை வெட்ட வேண்டும். அடிப்படை ஸ்டிட்ச், பின் கண்ணியில் மட்டும் போடும் டபுள் குரோஷே. படத்தில் குறி உள்ள இடத்தில் இரண்டு வரிசை கீழே உள்ள முன் கண்ணியில் ட்ரெபிள். படம் கூர்மையாக வரும். ஆனால் ஒரு வரிசைக்கு இரண்டு நூல் வால்: 80 வரிசைப் போர்வைக்கு 160 வால். அவற்றைக் குஞ்சமாக விடலாம், இல்லையென்றால் முன்னும் பின்னும் இரட்டைக் கரை போட்டு உள்ளே அடைக்கலாம். இரண்டாவதைக் கற்றுத் தரவே தனியாக ஒரு வகுப்பு வேண்டும். அதைவிட மோசம், தப்பு உடனே தெரியாது. ஒரு ட்ரெபிளை ஓர் ஸ்டிட்ச் தள்ளிப் போட்டால் இரண்டு வரிசை கழித்துப் படம் பொருந்தாதபோதுதான் புரியும். பிரித்தால் கையில் வருவது ஒன்றரை மீட்டர் துண்டு நூல்கள் மூன்று.

இன்செட் முறையில் ஒரு நிறத்துக்கு இரண்டு வரிசை, போய்த் திரும்பி வருவது. நூலை வெட்டுவதில்லை, ஓரத்திலேயே ஏற்றிக்கொண்டு போகலாம். படத்தில் மற்ற நிறம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிட்சை விட்டு 2 செயின் போட்டுத் தாண்ட வேண்டும். அடுத்து அந்த மற்ற நிறம் வரும்போது, அந்தச் செயின்களுக்கு முன்னால் ஊசியைக் கொண்டுபோய், மூன்று வரிசை கீழே விட்ட ஸ்டிட்சில் ட்ரெபிள் போட்டு இடைவெளியை மூட வேண்டும். திரும்பும் வரிசைக்குப் படமே பார்க்க வேண்டாம்: டபுள் குரோஷே மேல் டபுள் குரோஷே, செயின் மேல் செயின். வகுப்பில் இதன் அருமை தெரியும். ஒவ்வொரு இரண்டாவது வரிசையும் ஒரு சரிபார்ப்பு வரிசை. செயின் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் அங்கேயே பிடிபடும். பிரித்தாலும் ஒரே நீள நூல் உருண்டைக்குத் திரும்பும்.

படம் ஓவர்லே அளவுக்குக் கூர்மையாக வராது என்பது உண்மை. நீளமான குறுக்குக் கோடுகளில் செயின் தொய்ந்து தெரியும், ஆகவே மூன்று ஸ்டிட்சுக்கு மேல் தொடர்ந்து தாண்டாத படமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் குறையோடும், கூடத்துக்கு இன்செட்தான். ஓவர்லே வீட்டு மேசையிலேயே இருக்கட்டும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது மாணவிகளிடம் 'நன்றாக வேறுபடும் இரண்டு நிறம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அரக்கும் கரும்பச்சையும் கண்ணுக்கு நன்றாகவே வேறுபடும், பட்டுப்புடவையில் பார்த்துப் பழகிய சேர்க்கை. ஆனால் பின்னிய பிறகு இரண்டடி தள்ளி வைத்தால் படம் காணாமல் போகும், இரண்டின் கருமையும் ஒன்று. இரண்டு உருண்டையையும் சேர்த்து வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். அதில் ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று தெரிந்தால்தான் மொசைக்குக்கு ஆகும். அரக்கோடு மாம்பழ மஞ்சள், கருநீலத்தோடு சந்தன நிறம் இரண்டும் தேறும்.

இடது கைக்காரர் எந்த வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். அவரை ஆசிரியருக்கு எதிரே உட்கார வையுங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அசைவைப் பிடித்துக்கொள்வார். மொசைக் படத்தை அவர் இடப்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து படித்தால் படம் திரும்பிவிடும். கோலத்தில் அது தெரியாது, 'ஓம்' எழுத்தில் தெரிந்துவிடும்.

ஒரு நாளா, மூன்று சனியா, மாதம் ஒரு முறையா?

உத்தியை முடிவு செய்த பிறகே வகுப்பின் வடிவம். காலை 9 முதல் 3:30 வரை ஒரே நாள் வகுப்பு என்றால் கூடத்து வாடகை ஒரு முறைதான், வெளியூரிலிருந்து வருபவருக்கும் வசதி. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை தளரும், கண்ணி பெரிதாகும், காலையில் பின்னிய பாதிக்கும் மாலையில் பின்னியதற்கும் அகலமே மாறும். வீட்டில் தனியாகப் பின்னும்போது என்ன தப்பு வருகிறது என்பதும் தெரியாமலே போகும். துனிசியன் சிறு விரிப்புக்கு அரை நாள் போதும், அதற்கு மட்டும் இந்த வடிவம் சரி.

மொசைக்குக்கு மூன்று சனிக்கிழமை, தலா இரண்டு மணி நேரம், நாலாவது சனியை இருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரே நிறத்தில் ட்ரெபிளைக் கீழே இறக்கும் பழக்கமும் நிறத் தேர்வும். இரண்டாம் வாரம் 33 ஸ்டிட்ச் அகலத்தில் இரண்டு நிறம். பழகாத கைக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு வரிசைதான் நகரும், அதைக் கணக்கில் வையுங்கள். மூன்றாம் வாரம் வீட்டில் வந்த தப்புகளோடு வருவார்கள், உண்மையான பாடம் அன்றுதான்.

மூலைக்கு மூலைக்கு மாதம் ஒரு முறை திறந்த கூட்டம். எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டுதான் தேதி குறிக்க வேண்டும். தைப்பூசக் காவடி, ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா, சித்திரைக் காவடி, ஆடியில் கூழ் ஊற்றும் பூசை, புரட்டாசி. இந்த நாட்களில் கோயில் கூடமும் கிடைக்காது, ஆட்களும் வரமாட்டார்கள். டர்பன் கோடையில் மடியில் போர்வை வைத்துப் பின்ன முடியாது. வியர்த்த விரலில் அக்ரிலிக் ஒட்டி இழுபடும், கண்ணி இறுகும். மே, ஜூன்தான் நல்ல காலம். ஜூலை 18 மண்டேலா தினம் ஒரு நல்ல எல்லையும் ஆகும். 2013 இறுதியில் கரோலின் ஸ்டெய்ன் தொடங்கிய '67 போர்வைகள்' இயக்கத்திலிருந்து, அந்த நாளுக்குப் போர்வை பின்னிக் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் ஊன்றிவிட்டது. மூலைக்கு மூலைத் துண்டுகள் ஜூன் கடைசிக்குள் கைக்கு வந்தால், இணைக்கவும் கரை போடவும் இரண்டு வாரம் கிடைக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் குளிருக்கு அந்தப் போர்வை பயன்படும்.

நேரம் காலையாகவே இருக்கட்டும். லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு பழகிய ஊர் இது, சன்னல் வெளிச்சத்தை நம்புவதுதான் புத்திசாலித்தனம். கருநீலமும் கறுப்பும் குழல்விளக்கில் கூடக் கண்ணைக் கொல்லும்.

நூல் கணக்கும் கட்டணமும்

நூலை உருண்டை எண்ணிக்கையில் ஊகிக்காதீர்கள். 15 செ.மீ. சதுர மாதிரி பின்னிச் சமையலறைத் தராசில் வையுங்கள். 11 கிராம் இருந்தால், 90 செ.மீ. போர்வை அதைப்போல் 36 மடங்கு, 396 கிராம். பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய 440. உத்திக்கு உத்தி மாதிரி தனித்தனியாகப் போட வேண்டும், ஓவர்லே இரட்டை அடுக்கு என்பதால் அதே அளவுக்கு அதிக நூல் குடிக்கும். ஒரே சாயத் தொகுதி எண் உள்ள உருண்டைகளாக ஒரே நாளில் வாங்குங்கள்.

கட்டணத்தை, கூடத்து வாடகை, நூல், ஆசிரியர் மூன்றையும் கூட்டி, எதிர்பார்க்கும் பன்னிரண்டு பேரால் வகுக்காமல் எட்டால் வகுத்து நிர்ணயியுங்கள். எட்டுப் பேருக்கு மேல் போனால் உதவிக்கு இன்னொரு கை வேண்டும், அந்தச் செலவும் அதில் அடங்கிவிடும்.

ஆசிரியரின் சோதனை

அறிவிப்பதற்கு முன் மூன்று துண்டு. முதலாவது, படத்தாளில் உள்ளபடி. இரண்டாவது பிழைத் துண்டு: வரக்கூடிய தப்புகளையெல்லாம் வேண்டுமென்றே போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சேஃப்டி பின் குத்தி எண் எழுதியது. விட்ட ஓர ஸ்டிட்ச், தள்ளிப் போட்ட ட்ரெபிள், செயினுக்குப் பின்னால் போன ஊசி என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். மாணவி தன் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து 'அக்கா, எனக்கு 3ஆம் நம்பர்' என்று சொல்லிவிடுவார், பாதி விளக்கம் மிச்சம். மூன்றாவது, வகுப்புக்கு வாங்கிய அதே நூலில், கடிகாரம் வைத்து. உங்களுக்கு ஆன நேரத்தை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் வகுப்பு நேரம். வகுப்புக்கு மூன்று வாரம் முன் இந்த மூன்றும் முடியாவிட்டால், அந்த உத்தியை அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு மூலைக்கு மூலைக் கூட்டம், மே மாதத்தில் மூன்று சனி இன்செட் மொசைக், ஜூனில் ஓர் அரை நாள் துனிசியன் விரிப்பு: ஒரு குழு முதல் ஆண்டில் தாங்கக்கூடியது இவ்வளவுதான். ஓவர்லேயின் மூன்று துண்டுகளையும் ஆடியில் தொடங்கலாம். கூழ் ஊற்றும் பூசைக்காகக் கூடம் கிடைக்காத அந்த வாரங்களில் வீட்டு மேசை சும்மாதான் இருக்கும்.